அவள் கீறிய திருக்கை

இது நடந்தது 2018 ஆம் ஆண்டு ஆனி, ஆடி மாதங்களில். இடம், கற்பிட்டிக் குடாநாட்டில் ஆலங்குடாவுக்கு அருகே நாங்கள் இருக்கும் வீடு. தென்மேற்கில் இருந்து வீசும் சோளகக் காற்று உச்சத்தில் நின்ற காலம் அது. கடற்கரையில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்கும் வெள்ளைக்காரர்களுக்கு அது நல்ல பருவம். எங்கள் ஆட்களுக்குத் தொழில் குறைந்த பருவம். எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவரும் மோட்டார் சைக்கிள்காரர் ஒருநாள் வந்தால் மறுநாள் வரமாட்டார். காற்று மட்டும் தவறாமல் வரும். கதவை அடிக்கும், ஓலையை இழுக்கும், காயப்போட்ட துணியைச் சுருட்டி வைக்கும்.

நான் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் பிறந்து, சண்டைக் காலத்தில் குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்து, இங்கேயே ஊன்றிப்போனவன். திகதி முத்திரை குத்திக் குத்தியோ என்னவோ, எதையும் திகதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. முதல் மழை எப்போது விழுந்தது, பாண் விலை எப்போது ஏறியது, நூலகத்தில் எடுத்த புத்தகத்தை எப்போது முடித்தேன், எல்லாம் என்னிடம் இருக்கும்.

மனைவி நேர் எதிர். எழுத்துக்கும் அவளுக்கும் தூரம், வாய்தான் எல்லாம். நான் கந்தோரில் இருந்த காலம் முழுவதும் அவள் கருவாட்டு வியாபாரம் செய்தாள். துறைக்குப் போய் மீன் எடுத்து, கீறி, உப்பிட்டு, காயவைத்து, புத்தளத்துக்கும் கொழும்புக்கும் அனுப்புவாள். தமிழில் தொடங்கிய பேரத்தைச் சிங்களத்தில் முடிப்பாள். வீட்டிலும் அவள் கதைத்துக்கொண்டே இருப்பாள். நான் புத்தகத்தில் கண்ணை வைத்தபடி "ம்" போடுவேன். பல வருடம் எங்கள் குடும்பம் அப்படித்தான் நடந்தது. யாருக்கும் குறை இருக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் பங்குனியில் அவளுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியபோது கால் கொஞ்சம் தேறியிருந்தது, பிடித்துக்கொண்டால் நடப்பாள். பேச்சுத்தான் வரவில்லை. புத்தி தெளிவாக இருந்தது, ஆட்களைத் தெரிந்தது, நாங்கள் கதைப்பது விளங்கியது. ஆனால் அவள் வாயில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல். "ஓம்."

எதைக் கேட்டாலும் ஓம். தண்ணீர் வேண்டுமா என்றாலும் ஓம், வேண்டாமா என்றாலும் ஓம். கோபம் வந்தாலும் ஓம், அழுதாலும் ஓம். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த சிங்களப் பிள்ளை, தன் அரைகுறைத் தமிழில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஐயா, அவ ஓம் சொன்னா அது ஓம் இல்லை. வாயைப் பாக்க வேணாம், முகத்தைப் பாருங்க." பிறகு ஒரு கட்டு வெள்ளைத் தாளும் பென்சிலும் தந்து, இடது கையால் படம் கீறப் பழக்கச் சொன்னாள். புறப்படும்போது என்னையும் பார்த்து, "ஐயாவும் கீறணும். அவ மட்டும் கீறினா அவவுக்கு வெக்கம்" என்றாள். நான் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். என் வயதில் படம் கீறுவதா என்று நினைத்தேன்.

வீட்டு வேலைகள் என் தலையில் விழுந்தன. சமையலை ஒருவாறு சமாளித்தேன். மற்றதுக்கெல்லாம் பக்கத்து வீட்டுப் பெண் கைகொடுத்தாள். தொண்ணூறில் மன்னார்ப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த முஸ்லிம் குடும்பம் அவர்களுடையது. அப்போது அவள் சின்னப் பிள்ளை. என் மனைவியிடம் கருவாட்டு வேலைக்கு வந்து, பிறகு கூடப்பிறந்தவள் போலவே ஆகிவிட்டவள். தினமும் காலையில் வந்து மனைவியைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, துணிகளையும் துவைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் போவாள். மனைவி அவளுக்கு அக்கா, நான் அண்ணன்.

துணி காயப்போடும் கயிறு உப்புக் காற்றில் இற்று அடிக்கடி அறுந்தது. துவைத்த சேலை மணலில் விழுந்து மறுபடி துவைக்க வேண்டி வந்ததைப் பார்த்து, நானே ஒரு வேலை செய்தேன். கயிற்றைக் கழற்றிவிட்டு நல்ல தடித்த கம்பி ஒன்றை இழுத்துக் கட்டினேன். ஒரு பக்கம் தென்னை மரம், மறுபக்கம் குசினிக் கூரைத் தகரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கொளுக்கி. நாங்கள் சமைக்கும் குசினி வீட்டோடு ஒட்டாமல், வீட்டைச் சுற்றியுள்ள வளவுக்குள் தனியே நிற்பது; தென்னங்குற்றிகளின் மேல் தகரக் கூரை. கம்பி கட்டிய அன்று அதையும் திகதி போட்டு எழுதிக்கொண்டேன். வீட்டு வேலையில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான் என்று பெருமை.

மனைவிக்குப் பின் விறாந்தையில் ஒரு கைப்பிடிக் கதிரை போட்டிருந்தேன். பகல் முழுவதும் அதில் இருப்பாள். அவளுக்கு முன்னால் வளவு, குசினி, தென்னை, வேலி, வேலிக்கு அப்பால் கடலின் ஒரு கீற்று.

ஆனி மாத நடுப்பகுதியில் ஒருநாள் அந்தப் படத்தை முதன்முதலாகக் கீறினாள். சாய்ந்த நாற்கோணம் ஒன்று. அதன் ஒரு மூலையோடு சேர்ந்து நீளமாக ஒரு கோடு, தாளின் ஓரம் வரைக்கும். அடியில் குட்டையாகச் சில கோடுகள் தொங்கின. இடது கையால் கீறியது, எல்லாம் நடுங்கிக் கிடந்தது. கீறிவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்து, பென்சிலால் வெளியே காட்டினாள்.

நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரிதான் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இது திருக்கை, அண்ணன். வாலைப் பாருங்களன். அக்காக்கு வாய் கைக்குது போல, திருக்கை தின்ன ஆசை வந்திட்டுது."

"திருக்கையா வேணும் உமக்கு?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"ஓம்" என்றாள்.

"கேட்டீங்களா?" என்றாள் மற்றவள்.

எங்கள் பக்கத்தில் வாலோடு எதைக் கீறினாலும் அது மீன்தான். அதுவும் வாழ்நாள் முழுவதும் மீனைத் தொட்ட ஒருத்தி சாய்சதுரமும் நீள வாலும் கீறினால் வேறென்ன நினைப்பது? சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன். காற்றால் அங்கே ஒன்றும் இல்லை. அடுத்த துறைக்கும் போய், சிறிய திருக்கை ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தேன். பக்கத்து வீட்டுக்காரி அதை முருங்கையிலை போட்டுப் பதமாகச் சமைத்தாள். மனைவி ஒரு வாய் வைத்தாள், சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டாள். தாளை எடுத்து அதே படத்தைப் பெரிதாகக் கீறினாள். வால் இன்னும் நீண்டிருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் கூடி யோசித்தோம். அடியில் தொங்குகிற கோடுகள்தான் விஷயம் என்று முடிவுக்கு வந்தோம். திருக்கையைக் கீலம் கீலமாக வெட்டிக் கொடியில் தொங்கவிட்டுக் காயவைப்பது வழக்கம். "அக்கா யாவாரத்தை நினைக்கிறா, அண்ணன். கேட்டது மீனில்லை, கருவாடு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அதுவும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. கடையில் திருக்கைக் கருவாடு வாங்கிவந்து மனைவியின் மடியில் வைத்தேன். அவள் கருவாட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தூக்கி வளவுக்குள் எறிந்தாள். அயல் நாய்க்கு அன்று நல்ல நாள்.

அதற்குப் பிறகும் அவள் விடவில்லை. தாள் தாளாக அதே திருக்கை. கீறுவதும், சட்டையைப் பிடித்து இழுப்பதும், வெளியே காட்டுவதும், ஓம் ஓம் ஓம் என்று கத்துவதும், கடைசியில் அழுவதும். காலையில் பக்கத்து வீட்டுக்காரி துணியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு கொடிப் பக்கம் நடக்கும்போதுதான் சத்தம் கூடும். அவளும் அங்கிருந்தே கையை ஆட்டி, "ஓம் அக்கா, காயப்போட்டுட்டு ஓடி வாறன்" என்பாள். தனியாக விட்டுப் போவதால் பயப்படுகிறாள் என்று எங்களுக்கு ஒரு விளக்கம் இருந்தது.

அவள் காட்டிய திசையில் நான் நின்று பார்த்தால் கண்ணில் படுவது கடல். மீனும் இல்லை, கருவாடும் இல்லை, கடலைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. முச்சக்கர வண்டி பிடித்து, அவளைத் தூக்காத குறையாக ஏற்றி, கடற்கரைக்குக் கொண்டுபோனேன். மணலில் கதிரை போட்டு உட்காரவைத்தேன். வானம் முழுவதும் நிறம் நிறமாகப் பட்டங்கள் பறந்தன. அவள் கதிரையோடு உடம்பைத் திருப்பி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வந்த பாதையையே பார்த்தபடி இருந்தாள். வண்டிக்காரர், "அம்மாவுக்குக் காத்துப் புடிக்கல்ல போல" என்றார்.  எழுதிவைப்பதற்கு அன்று ஒன்றும் வரவில்லை.

அன்று பின்னேரம்தான் பேச்சுப் பயிற்சிப் பிள்ளை சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு மனைவிக்கு எதிரே குந்தினேன். என்ன கீறுவதென்று தெரியாமல், பக்கத்தில் இருந்த யன்னலைக் கீறத் தொடங்கினேன். சட்டம் கீறினேன். கம்பி கீறப் போனபோது கை நின்றுவிட்டது. அந்த யன்னலின் கம்பிகள் நிமிர்ந்து நிற்கின்றனவா, படுத்துக் கிடக்கின்றனவா? அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த திகதியைக் கேட்டால் உடனே சொல்வேன். கம்பி எப்படி இருக்கிறதென்று தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்ததாகத் தென்னை மரம் கீறினேன். அது துடைப்பத்தைத் தலைகீழாக நட்டது போல வந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. பாரிசவாத வருத்தம் வந்த பிறகு அவள் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

அதன் பிறகு தினமும் கீறினோம். கண் காண்பதை விட்டுவிட்டு மனம் அறிந்ததைத்தான் கை கீறும் என்று முன்பு ஒரு புத்தகத்தில் வாசித்திருந்தேன். நல்ல வசனம் என்று எடுத்து எழுதியும் வைத்திருந்தேன். அதன் பொருள் எனக்கு அந்த விறாந்தையில்தான் விளங்கியது. கேத்தில் கீறினால், அவள் பென்சிலைப் பறித்து மூடியில் ஒரு நெளிவு போடுவாள். போய்ப் பார்த்தால் நெளிவு இருக்கும். என்றோ விழுந்து நெளிந்தது, தினமும் அதில்தான் தண்ணீர் கொதிக்கவைக்கிறேன், கண்டதில்லை. மருந்துக் குளிசைப் பெட்டி, பாய், மருந்தெண்ணெய்ப் போத்தல் என்று தேவையானவற்றுக்கெல்லாம் படம் செய்துகொண்டோம். ஓரத்தில் நான் திகதியும் ஒரு சொல்லும் எழுதுவேன், காற்று அடித்த பக்கத்துக்கு அம்புக்குறி போடுவேன். பழைய பழக்கம் எங்கே போகும். அவளுக்கு என்ன வேண்டும் என்பது பாதியாவது தெரியத் தொடங்கியது.

திருக்கை மட்டும் போகவில்லை. எந்தத் தாளை எடுத்தாலும் மூலையில் அதைக் கீறிவிடுவாள்.

ஒருநாள் நான் எதையும் கேட்கவில்லை. அவள் கீறிய திருக்கையின் கீழே அதையே பார்த்துக் கோட்டுக்குக் கோடு நானும் கீறினேன். பொருள் என்ன என்ற யோசனையை விட்டுவிட்டு, எந்தக் கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று மட்டும் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று தட்டுப்பட்டது. வால் மூலையில் இருந்து முளைக்கவில்லை. மூலைக்கு மேலால் ஓடி, மற்றப் பக்கமும் கொஞ்சம் நீண்டிருந்தது. எந்த மீனுக்கும் வால் உடம்பின் மேலால் ஓடி இரண்டு பக்கமும் நீளாது. எடுத்துவைத்த மற்றத் தாள்களையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் அப்படித்தான். தொங்கிய குட்டைக் கோடுகளும் நாற்கோணத்தில் தொங்கவில்லை. அதற்குக் கீழே மெல்லியதாக இன்னொரு கோடு இருந்தது, அதில் தொங்கின. கை நடுக்கம் என்று நினைத்து நாங்கள் தள்ளிவிட்ட கோடு அது.

மீனில்லை என்பது நிச்சயமாகிவிட்டது. அப்படியானால் என்ன? அவள் பகல் முழுவதும் இருப்பது அந்தக் கதிரை. கண்ட ஒன்றைத்தான் கீறுகிறாள் என்றால் அங்கே இருந்துதான் கண்டிருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை, பக்கத்து வீட்டுக்காரி மனைவியைக் குளிப்பாட்டி அறைக்குள் கூட்டிப் போன நேரம், தாளோடு போய் அந்தக் கதிரையில் இருந்தேன். அதுவரை நான் அதில் இருந்ததே இல்லை. தாழ்வான கதிரை. நான் நின்று பார்க்கும்போது விறாந்தைக் கூரையின் தாழ்வாரம் வளவின் மேற்பாதியை மறைத்துவிடும். வேலியும் கடலும்தான் தெரியும். கதிரையில் இருந்தால் தாழ்வாரத்துக்குக் கீழால் பார்வை மேலே போகிறது. குசினிக் கூரை தெரிந்தது, அதற்கு மேல் வானமும் தெரிந்தது.

எது என்ன என்று பெயர் வைக்காமல் கண்ட வடிவத்தைக் கீறினேன். சாம்பல் நிறத்தில் சாய்ந்த நாற்கோணம். அதற்கு மேலால் கறுப்பாக ஒரு கோடு, ஒழுங்கைப் பக்கம் இருந்து வந்து வீட்டுப் பக்கம் போகிறது. கீழே மெல்லிய கோடு. அதில் முதல்நாளில் இருந்து தொங்கும் என் சாரமும் துவாயும்.

என் கை அவளுடைய திருக்கையைக் கீறியிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. குசினிக் கூரையின் மூலைத் தகரம் ஆணி கழன்று மெல்ல மேலெழுந்து, வீட்டுக்கு வரும் கரண்ட் வயரில் உரசிவிட்டுக் கீழே படுத்தது. மறுபடி எழுந்தது, உரசியது, படுத்தது. வயரின் அந்த இடத்தில் கறுப்பு இல்லை. செம்பு மின்னியது. அந்தத் தகரத்தைப் பிடித்திருக்கும் கொளுக்கியில்தான் நான் கம்பிக் கொடி கட்டியிருந்தேன்.

அதே நேரம், துணி துவைக்கப் போயிருந்த பக்கத்து வீட்டுக்காரி குசினி மறைவில் இருந்து வெளியே வந்தாள். வெறுங்கால், தோளில் பிழிந்த படுக்கை விரிப்பு, சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. கொடியை நோக்கி ஒரு கையை நீட்டிக்கொண்டு நடந்தாள்.

நான் எப்படிக் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. "தொடாதை!" என்று மட்டும் கத்தியதாக அவள் பிறகு சொன்னாள். அவளை நான் அப்படி ஒருமையில் அதட்டியதே கிடையாது, அந்த அதிர்ச்சியில்தான் நின்றாளாம். நின்று, திரும்பி, சிரித்தபடி கேட்டாள்.

"என்ன அண்ணன், திருக்கை கிடைச்சிட்டுதா?"

 ஓடிப்போய், கம்பியில் படாமல், அவளுக்கும் கொடிக்கும் நடுவில் நின்றேன். தகரத்தையும் வயரையும் கம்பியையும் கையால் காட்டினேன். காட்டக் காட்ட அவள் முகத்தில் சிரிப்பு வடிந்தது. விரிப்பை அப்படியே மணலில் போட்டுவிட்டுக் குந்திவிட்டாள். "அல்லாஹ்வே" என்றாள்.  பிறகு, "நாளும் அக்கா கத்தினா. நான் கையை ஆட்டிட்டுப் போனன், அண்ணன்" என்றாள்.

பகலில் மின்சாரக் கந்தோரில் இருந்து ஆள் வந்து வயரை மாற்றினார். சிலாபத்துச் சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைத்தார். ஏணியில் நின்றபடி, கம்பியைக் கட்டியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். "நல்ல வேலை மாத்தயா. துணி காயிறதுக்கு முந்தி ஆள் காஞ்சிருக்கும்" என்றார். வயரின் தோல் சில நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, அன்றோ முதல்நாளோதான் செம்பு வெளியே வந்திருக்கும் என்பது அவர் கணிப்பு. அந்தத் தேய்மானத்தைத்தான் மனைவி நாளுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எல்லாம் அடங்கிய பிறகு அவளைக் கொண்டுவந்து கதிரையில் இருத்தினேன். அவள் கீறிய தாளையும் நான் கீறிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "இதைத்தானே சொன்னீர்?" என்று கேட்டேன்.

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குசினிக் கூரையைப் பார்த்தாள். தகரத்தை ஆணி அடித்து இறுக்கியிருந்தது, கம்பி இருந்த இடத்தில் கயிறு இருந்தது. அவள் உடம்பு முழுவதும் தளர்ந்து கதிரையில் சாய்ந்தது.

"ஓம்" என்றாள், மெதுவாக.

அந்த ஓமுக்கு நான் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி அவள் காலடியில் வந்து இருந்து, விழுந்துபோன வலது கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "அக்கா, நீங்க என்ர உயிரைச் சொன்னீங்க, நான் உங்களுக்குக் கறி வைச்சுத் தந்தன்" என்று சொல்லி அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே மூன்று பேருக்கும் சிரிப்பும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை இப்போது நினைத்தால் மனம் அங்கேயே போய் இருந்துகொள்கிறது. காலைத் தேநீர் முடிந்ததும் இரண்டு கதிரை, இரண்டு பென்சில். முதலில் ஆபத்துத் தேடித்தான் பார்த்தேன். எந்த ஆணி கழன்றிருக்கிறது, எந்த ஓலை விழப் போகிறது என்று. போகப்போகச் சும்மா பார்ப்பதே சுகமாகிவிட்டது. ஒரே வேலியைத் தினமும் கீறினால், வேலி தினமும் மாறுவது தெரிகிறது. காகம் வேலியின் எந்தக் கதியால் தடியில் வந்து இருக்கும், ஆடு எந்த இடைவெளியால் தலையை விடும், சோளகம் ஓய்ந்து வாடை தொடங்கும்போது தென்னையின் நிழல் எந்தப் பக்கம் மெலியும், இவற்றை எல்லாம் அங்கே இருந்துதான் கண்டேன். அவற்றை எழுதச் சொன்னால் என்னால் முடியாது. கீறினால் வரும்.

எங்கள் சண்டையும் தாளில்தான் நடந்தது. கறியில் உப்புக் கூடினால் கோப்பைக்குள் மலை ஒன்று கீறி நீட்டுவாள். என்னைக் கீறினால் கண்ணாடி போட்ட கொக்குத்தான். ஒருமுறை கொக்கு புத்தகம் வாசித்துக்கொண்டிருக்க, அடுப்பில் பானை பொங்கி வழிவது போலக் கீறித் தந்தாள். எழுந்து ஓடிப் பார்த்தால் சோறு அடிப்பிடித்திருந்தது.

பேச்சு மெல்லத் திரும்பியது. ஓமுக்கு அடுத்ததாக வந்த சொல் "இல்லை." அது வந்த நாளில் இருந்து வீட்டில் என் பாடு கொஞ்சம் கஷ்டம்தான். பிறகு பெயர்கள் வந்தன, பிறகு வசனங்கள். கொரோனா ஊரடங்குக் காலத்தில் வெளியே போக முடியாமல் இருந்தபோது, பாதி கதைத்தும் பாதி கீறியும் பொழுதைக் கழித்தோம். சொல் கூடக் கூடப் படம் குறைந்தது. ஒருநாள் பென்சிலைக் கீழே வைத்தவள் பிறகு எடுக்கவில்லை. இன்று அவள் பழையபடி காலையில் தொடங்கினால் படுக்கும்வரை கதைக்கிறாள். துறையில் இருந்து வருகிறவர்களிடம் விறாந்தையில் இருந்தபடியே பேரம் பேசுகிறாள். கடவுளுக்கு நன்றி. இருந்தாலும் அந்தத் தாள் காலத்துக்கு நான் ஏங்குவது உண்டு. அவளுக்கு வந்த வருத்தத்துக்கு ஏங்குவது போல ஆகிவிடுமே என்று அதை வெளியே சொன்னதில்லை.

சென்ற மாரியில், வெளியே போக முடியாத மழை நாள் ஒன்றில், அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அந்தத் தாள் கட்டு கையில் வந்தது. விறாந்தைக்குக் கொண்டுவந்து இருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். திருக்கைகள் வரத் தொடங்கியதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. மீன் தேடிச் சைக்கிளில் அலைந்ததையும், கடற்கரைக்கு வண்டி பிடித்ததையும் சொல்லி, அந்த நாட்களில் என்மீது எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று கேட்டேன்.

அவள் மடியில் இருந்த தாள்களை அடுக்கி வைத்தாள். இப்போதும் நீண்ட வசனம் என்றால் சொற்களைத் தேடி எடுத்துத்தான் சொல்வாள்.

"பிழையா விளங்கினதுக்கு எனக்குக் கோவம் இல்லை. விளங்கிட்டுது எண்டு நீங்கள் எழும்பிப் போனதுதான் தாங்கேலாமல் இருந்தது."

இன்றைக்கும் யாராவது என்னிடம் எதையாவது சொல்லிக்கொண்டிருக்க, விளங்கிவிட்டது என்று என் கால் எழும்பப் பார்த்தால், அதை அடக்கிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் அவர்கள் முகத்தைப் பார்த்தபடி இருந்துவிடுகிறேன்.